ரீயூனியனுக்கு மாற்றலாகி வரும் குடும்பத்துக்கு ஒரு மளிகைக் கணக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பாரிஸ் பக்கம் சார்செல்லில் இருக்கிறீர்கள், கணவருக்கு அரசு வேலையில் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு மாற்றல் வந்திருக்கிறது, பிள்ளைகள் இரண்டு பேர், வாரம் தவறாமல் லா ஷப்பெல் போய்த் தமிழ்க் கடையில் சாமான் வாங்கிப் பழகிய வீடு. அங்கே மளிகை இரண்டு மடங்கு விலையாம், தக்காளியைத் தொடமுடியாதாம், உளுந்தே கிடைக்காதாம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், எது உண்மை, நான்கு பேருக்கு மாதம் எவ்வளவு ஆகும், வேறு என்னென்ன தொல்லைகள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி விலையைப் பற்றியது என்றாலும், கூடுதலாக வரப்போகிற சம்பளத்தை மளிகைக் கடையே விழுங்கிவிடுமோ என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குத் தோன்றுகிறது. விழுங்காது. ஆனால் லா ஷப்பெல்லிலும் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டிலும் இப்போது நிரப்புகிற கூடையை அப்படியே இங்கேயும் நிரப்புவேன் என்று நின்றால் அதில் பெரும்பகுதி போய்விடும். அது ஏன் என்று தெரிந்துகொண்டு வந்தால் முதல் வருடம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு இருக்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரிக்காரன், இந்தத் தீவுக்கு வந்து 21 வருடமாகிறது. அதில் 17 வருடம் லெ போர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை, இங்கே திரான்சித்தேர் என்பார்கள். சரக்கு கப்பலிலிருந்து இறங்கினதும் அதற்கான தாள்களைப் போட்டு, வரி கட்டி, சோதனை முடித்து, இறக்குமதியாளரின் கிடங்கு வாசல் வரை கொண்டுபோய் விடுவது எங்கள் வேலை. பெரும்பாலும் உணவுப் பொருள் கன்டெய்னர்கள்தான் என் கையில் வரும். ஆகவே கிடங்கு வாசல் வரைக்கும் ஒரு பொருளின் விலை எப்படி ஏறுகிறது என்பதை நான் தாளில் பார்த்தே சொல்ல முடியும். அதற்கு அப்புறம் கடைக்காரர் எவ்வளவு வைக்கிறார் என்பது என் மேசைக்கு வராத விஷயம், அதை உங்களைப் போலப் பணம் கட்டி வாங்குகிறவனாகத்தான் பார்க்கிறேன். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத எண். பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே 2022இல் எடுத்த ஒப்பீட்டின்படி, எல்லாச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மெத்ரோவைவிட (ஐரோப்பாவில் உள்ள பிரான்சை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ரீயூனியனில் விலை சுமார் 9 சதவீதம் கூடுதல், உணவுப் பொருளை மட்டும் எடுத்தால் சுமார் 37 சதவீதம் கூடுதல். 2015இல் அதே நிறுவனம் எடுத்த கணக்கில் உணவுக்கான வித்தியாசம் 28 சதவீதமாக இருந்தது. ஆக, இரண்டு மடங்கு என்பது மொத்தக் கூடைக்குப் பொருந்தாது, சில பொருளுக்குத்தான் பொருந்தும். அதே சமயம் இடைவெளி குறையவில்லை, ஏறியிருக்கிறது. "எல்லாம் சும்மா புலம்பல், அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்" என்று இங்கே வசதியாக இருக்கும் சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள்.

அந்த 37 என்ற எண்ணுக்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது, உங்களுக்கு அதுதான் முக்கியம். அந்தக் கணக்கை இரண்டு விதமாகப் போடுகிறார்கள். மெத்ரோக் குடும்பம் ஒன்று தான் வழக்கமாகச் சாப்பிடுவதை எல்லாம் இங்கே வந்து வாங்கினால் எவ்வளவு கூடும் என்பது ஒன்று, ரீயூனியன் குடும்பம் தான் வழக்கமாகச் சாப்பிடுவதை மெத்ரோவில் வாங்கினால் எவ்வளவு மாறும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எடுத்த சராசரிதான் அந்த 37. முதல் விதத்தில் போட்டால் வித்தியாசம் அதைவிடப் பெரிது, இரண்டாவது விதத்தில் சிறிது. என்ன அர்த்தம்? ஒரே தெருவில், ஒரே கடையில் வாங்கும் இரண்டு வீடுகளுக்கு விலைவாசி ஒன்றாக இருப்பதில்லை. காலையில் தயிர், பாலாடைக்கட்டி, பழச்சாறு, மதியம் பாஸ்தா, சாயங்காலம் ஆப்பிள் என்று வாழும் வீட்டுக்கு இந்தத் தீவு கொள்ளை விலை. சோறு, பருப்பு, கீரை, கோழி, மீன், பூசணி என்று வாழும் வீட்டுக்கு அவ்வளவு இல்லை. இந்த இரண்டாவது கூடை யாருடையது என்று பாருங்கள். பாதி நம்முடையதுதான்.

சரி, விலை ஏன் ஏறுகிறது. பாரிஸிலிருந்து இந்தத் தீவு 9,000 கிலோமீட்டருக்கு மேல். தூரம் மட்டும் காரணம் என்றால் சென்னையிலிருந்து லண்டன் போகும் சரக்கும் அப்படித்தானே ஏற வேண்டும் என்று தோன்றும். அங்கே போகிற கப்பல் திரும்பி வரும்போதும் நிறைய ஏற்றிக்கொண்டு வரும். இங்கே இறங்குகிற கன்டெய்னர்களில் பெரும்பாலானவை காலியாகத் திரும்புகின்றன, ஏனென்றால் சர்க்கரை, ரம், கொஞ்சம் மீன், பழம் தவிர இந்தத் தீவு வெளியே அனுப்புவது குறைவு. காலியாகப் போகும் பெட்டிக்கான கூலியும் நிரம்பி வரும் பெட்டியின் தலையில்தான் விழும். தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் குளிர்பதனப் பெட்டியில் வரவேண்டும், அது வாரக்கணக்கில் கப்பலிலும் அப்புறம் துறைமுகத்திலும் மின் இணைப்பில் நிற்கும், அந்தச் செலவு தனி. போதாததற்கு 2023 முடிவில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வரத் தொடங்கின. நாள் கூடினால் தயிர் டப்பாவில் மிச்சமிருக்கும் தேதி குறையும், விற்காமல் தூக்கிப்போடுவது கூடும், அதுவும் விலையில்தான் வந்து சேரும்.

அடுத்தது ஒக்த்ருவா த மேர், கடல்வழி வரி. வந்த முதல் மாதத்திலேயே இந்தப் பெயரை நூறு முறை கேட்பீர்கள். வெளியிலிருந்து வரும் சரக்குக்கு, அது பிரான்சிலிருந்தே வந்தாலும், இந்தத் தீவில் இறங்கும்போது கட்டுகிற வரி. விகிதத்தைப் பிராந்திய மன்றம் பொருளுக்குப் பொருள் தனியாக வைக்கிறது. அடிப்படைப் பொருட்கள் பலவற்றுக்குக் குறைவு, சிலவற்றுக்குப் பூஜ்யம், இங்கேயே தயாராகும் பொருளோடு போட்டிக்கு வரும் சரக்குக்குக் கூடுதல். கவனிக்க வேண்டியது, இந்த வரியைச் சரக்கின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடுகிறார்கள். மறுபக்கம் விற்பனை வரி இங்கே குறைவு, மெத்ரோவில் 20 சதவீதம் உள்ள இடத்தில் 8.5, உணவுக்கு 5.5 உள்ள இடத்தில் 2.1.

ஒரு உதாரணத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விகிதங்கள் நான் புரிவதற்காக வைத்தவை, ஆனால் கணக்கு நடக்கும் முறை இதுதான். தொழிற்சாலை வாசலில் 100 யூரோவுக்கு ஒரு சரக்கு. மெத்ரோவில் கடைக்காரர் 30 சதவீதம் வைத்து 130, வரி 5.5 சேர்த்து 137 யூரோ. அதே சரக்கு இங்கே வர, கூலியும் காப்பீடும் 15 என்று வைத்தால் 115. அதன்மேல் கடல்வழி வரி 10 சதவீதம், 11 யூரோ 50 சென்ட். துறைமுகச் செலவு, லாரி எல்லாம் 6 யூரோ. ஆகமொத்தம் 132.50. இறக்குமதியாளர் 20 சதவீதம் வைக்கிறார், 159. கடைக்காரர் அதே 30 சதவீதம்தான் வைக்கிறார், 206.70. விற்பனை வரி 2.1 சேர்த்து 211 யூரோ. 137 எங்கே, 211 எங்கே. இதில் யாரும் திருடவில்லை என்பதைப் பாருங்கள், எல்லோரும் வழக்கமான சதவீதம்தான் வைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் ஏறினதன் மேல் சதவீதம் வைப்பதால், துறைமுகத்தில் 11.50 ஆக இருந்த வரி உங்கள் கையில் வரும்போது 18 யூரோவுக்கு மேல் ஆகிவிடுகிறது. பதினேழு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் இந்தப் பெருக்கல்தான்.

வரிதான் காரணமா, வியாபாரிகளின் லாபம்தான் காரணமா என்று இங்கே நடக்கும் சண்டைக்கு முடிவே கிடையாது. வரியை எடுத்துவிடு என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள், அந்தப் பணத்தில்தான் இங்குள்ள நகராட்சிகள் பள்ளிக்கூடத்துக்குச் சமையல்காரர் சம்பளமும் தெருவிளக்குச் செலவும் கொடுக்கின்றன. எடுத்துவிட்டால் அந்த ஓட்டையை யார் அடைப்பது, எடுத்த அளவுக்குக் கடையில் விலை இறங்குமா, இரண்டையும் யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. லாபம்தான் காரணம் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சுமார் 9 லட்சம் பேர் உள்ள தீவில் பெரிய கடைகளும் பெரிய இறக்குமதியாளர்களும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், போட்டி குறைந்த இடத்தில் சதவீதம் இறங்குவதற்குக் காரணம் இருக்காது. என் சொந்த அபிப்பிராயம், இரண்டும் சேர்ந்துதான், அதிலும் கைமாறும் எண்ணிக்கைதான் பெரிய காரணம். ஆனால் முன்பே சொன்னேன், நான் கிடங்கு வாசல் வரை பார்த்தவன், அதனால் இதை அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியச் சாமானுக்கு வருவோம். உளுந்து, துவரம்பருப்பு, இட்லி அரிசி, புளி, பெருங்காயம் எல்லாம் கிடைக்கிறது. தலைநகர் சேன்-தெனியிலும் கிழக்கே சேந்த்-ஆந்த்ரேயிலும் கடைகள் உண்டு. விலைதான் லா ஷப்பெல்லை நினைத்து ஏங்க வைக்கும். இந்தச் சரக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று இந்தியாவிலிருந்து கொழும்பு போன்ற துறைமுகத்தில் கப்பல் மாறி நேராக இங்கே. இன்னொன்று இந்தியாவிலிருந்து ஐரோப்பா போய், அங்கே கிடங்கில் இறங்கி, மறுபடி கப்பலேறி இங்கே. வரைபடத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், நம் ஊர் உளுந்து நம்மைத் தாண்டி வடக்கே போய்த் திரும்பி வருகிறது. ஆனால் ஒரு கன்டெய்னர் நிறையப் பெருங்காயம் இந்தத் தீவில் யார் வாங்குவார்கள்? சின்ன அளவில் வேண்டியவர், பாரிஸ் மொத்த வியாபாரியிடம் கலந்து வாங்கிக்கொள்வதுதான் அவருக்குக் கட்டும். அப்புறம் இது ஐரோப்பிய ஒன்றியத்தின் மண், அதனால் பிரெஞ்சு மொழி லேபிள், பூச்சிமருந்துச் சோதனை எல்லாம் இங்கேயும் உண்டு. 2020இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சோதனையை எவ்வளவு இறுக்கினார்கள் என்றால், எள் மூட்டை என்றாலே எங்கள் அலுவலகத்தில் பெருமூச்சு விடுவார்கள். சோதனை முடிவு வரும்வரை பெட்டி துறைமுகத்தில் நிற்கும், நிற்கிற நாளுக்கு வாடகை ஓடும். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, 2024 செப்டம்பர் 28 அன்றுதான் திறந்தது, அந்தப் பதினாலு மாதமும் பொன்னி பழகிய வீடுகள் தாய்லாந்து அரிசிக்கும் வியட்நாம் அரிசிக்கும் வாயைப் பழக்க வேண்டியிருந்தது.

இப்போது நல்ல பக்கம். காய்கறிக்குப் பெரிய கடைக்குப் போகாதீர்கள், சந்தைக்குப் போங்கள். சேன்-தெனியில் வீடு எடுத்தால் ஷொத்ரோன் சந்தை புதன், ஞாயிறு காலை. மேற்கே இருந்தால் சேன்-போல் வெள்ளி முழுநாளும் சனி காலையும். தெற்கே சேன்-பியேரில் சனி. சீக்கிரம் போனால் நல்ல காய், முடிகிற நேரத்தில் போனால் மலிவான காய். சௌசௌ இங்கே ஷூஷூ, சலாசி மலைப்பள்ளத்தில் வேலி மாதிரிக் காய்க்கும், வருடம் முழுக்க மலிவு. பாகற்காய், புடலங்காய், சுரைக்காய், பூசணி, கத்திரி, வாழைக்காய் எல்லாம் உண்டு. துவரையை ஆம்ப்ரவாத் என்பார்கள், பச்சைத் துவரை சீசனில் சந்தையில் குவிந்திருக்கும், அதைப் போட்டுக் குழம்பு வைத்துப் பாருங்கள்.

இந்தச் சந்தையில் ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் நெஞ்சைத் தொடும். என் அம்மா முதல்முறை இங்கே வந்தபோது புதுச்சேரியிலிருந்து முருங்கைக்காய், கறிவேப்பிலை, மாங்காய் என்று ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்தார்கள். விமான நிலையத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள், தீவின் பயிர்களுக்கு வெளிநாட்டுப் பூச்சி வந்துவிடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருப்பார்கள், அது சரியும்கூட. அம்மா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் சந்தைக்குக் கூட்டிப் போனேன். ஒரு மல்பார் மூதாட்டி (தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), தமிழ் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவர், கட்டுக்கட்டாகக் கீரை வைத்துக்கொண்டு கூவுகிறார்: கலூபிலே, கொத்தோமிலி, ப்ரெட் முரூங். கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கைக்கீரை. பீர்க்கங்காயைப் பிப்பங்காய் என்கிறார். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மொழியை இழந்துவிட்டார்கள், காய்களின் பெயரை இழக்கவில்லை. அம்மா அந்த மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், வெகுநேரம். நீங்களும் சந்தையில் தமிழ்ப் பெயரையே கொஞ்சம் மழுங்கடித்துச் சொல்லிப் பாருங்கள், பாதிக் காய் கைக்கு வந்துவிடும்.

இங்கத்திய சாப்பாடு சோறு, க்ரேன் என்கிற பருப்பு அல்லது பயறு, கறி, ரூகாய் என்கிற காரத் துவையல். கோழி, முட்டை, பன்றிக்கறி பெரும்பாலும் இங்கேயே வளர்ப்பது. மொச்சை வகைகள் மடகாஸ்கரிலிருந்து வருகின்றன. சிலாவோஸ் மலைப்பகுதியில் விளையும் பருப்பு ருசியானது, ஆனால் அதை விருந்தாளிக்கு வைத்துக்கொள்ளுங்கள், விலை அப்படி. சர்க்கரைக்குக் கவலையே வேண்டாம், சேந்த்-ஆந்த்ரே பக்கம் புவா-ரூஜ், தெற்கே லெ கோல் என்று இரண்டு ஆலைகள் ஓடுகின்றன, இங்கத்திய நாட்டுச் சர்க்கரையில் பொங்கல் வைத்தால் வெல்லம் இல்லாத குறை தெரியாது. தயிர்தான் பெரிய செலவு. அதை வீட்டிலேயே உறை ஊற்றிவிடுங்கள், கடலோர வெக்கைக்கு ஐந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். மாவும் அப்படித்தான், ராத்திரி அரைத்தால் காலையில் பாத்திரத்தைவிட்டு வழிந்திருக்கும். விலை ஏறாத பாலாடைக்கட்டி, ஆப்பிள், பேரிக்காய் என்று தேடி அலையாதீர்கள், பிள்ளைகளை வாழைப்பழம், அன்னாசி, மாம்பழம், டிசம்பரில் லிச்சி என்று திருப்பிவிடுங்கள். 2002 ஜனவரி முதல் தேதி யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது நேர வித்தியாசத்தால் இந்தத் தீவில்தான் முதலில் விடிந்தது, அந்தப் புதுப் பணத்தில் முதலில் வாங்கிய சாமான் இங்கத்திய லிச்சிப் பழம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

தக்காளியைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்மை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும், அந்த மாதங்களில் தக்காளி தாறுமாறாக ஏறும், புயல் அடித்துவிட்டால் சில வாரம் சந்தையில் கீரையே கண்ணில் படாது. 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் வடக்குப் பக்கத்தைப் புரட்டிப்போட்டபோது மின்சாரமும் தண்ணீரும் போனது மட்டுமல்ல, காய்கறி வயல்களும் போயின. மழைக்காலத்துக்குப் புளியும் பருப்பும் கையிருப்பு வைத்துக்கொள்வது நம் வீட்டுப் பழக்கம்தானே, அது இங்கே கைகொடுக்கும்.

எங்கள் வீட்டுக் கணக்கைக் கேட்டால், நான்கு பேர், வாரம் இரண்டு நாள் மீனோ கோழியோ, மற்ற நாள் காய்கறி, மாதம் 700 முதல் 800 யூரோவுக்குள் சாப்பாட்டுச் செலவு முடிந்துவிடுகிறது. வந்த புதிதில், பொருள் விலையெல்லாம் இன்றைவிடக் குறைவாக இருந்த காலத்திலேயே, மெத்ரோப் பழக்கத்தில் இதைவிடக் கூடுதலாகச் செலவழித்தோம். இது ஒரு வீட்டின் கணக்கு, பொது விதி இல்லை. எரிவாயு சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் ப்ரெஃபே, அதாவது தீவில் அரசின் பிரதிநிதி, மாதாமாதம் உச்சவிலை நிர்ணயிப்பார், அதனால் எந்தப் பெட்ரோல் பங்குக்குப் போனாலும் ஒரே விலை, தேடி அலைய வேண்டாம். மின்சாரக் கட்டணம் மெத்ரோவில் உள்ளதேதான். பெரிய கடைகளில் சில பொருளின் அருகே பே-க்யூ-பே என்ற அடையாளம் பார்ப்பீர்கள், அரசும் கடைகளும் பேசி வருடாவருடம் ஒரு பட்டியலுக்கு மொத்தத் தொகை உச்சவரம்பு வைக்கிறார்கள். உதவும், ஆனால் வரம்பு மொத்தப் பட்டியலுக்குத்தானே தவிர ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இல்லை. பட்டியலில் இருப்பதால் மட்டும் மலிவு என்று நினைக்காமல் கிலோ விலையைப் பாருங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கணவர் அரசு ஊழியர், அவருக்குச் சம்பளத்தில் சுமார் 53 சதவீதம் கூடுதலாக வரும், விலைவாசியை ஈடுகட்டவென்றே கொடுப்பது. வருமான வரியிலும் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு, 2,450 யூரோ வரம்புக்குள். தனியார் வேலையில் இருக்கும் எனக்கு அந்தக் கூடுதல் இல்லை, என் பக்கத்து வீட்டுக் கூலிக்காரருக்கும் இல்லை. இந்தத் தீவில் மூன்றில் ஒருவருக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள், அவர்களும் அதே 211 யூரோச் சாமானைத்தான் வாங்க வேண்டும். கடையில் என் முன்னால் நின்ற ஒரு அம்மா, கணக்கு ஏறுவதைப் பார்த்து எண்ணெய் பாட்டிலையும் பால்பொடியையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி ஒரு முறை இல்லை, பல முறை. 2012 பிப்ரவரியில் ஷொத்ரோன் தெருக்கள் எரிந்ததும், அந்த வருடம் நவம்பரில் பாரிஸில் சட்டம் போட்டு ஒரே ஆளுக்கு இறக்குமதி ஏகபோகம் கொடுப்பதைத் தடை செய்ததும், 2018 நவம்பரில் மஞ்சள் உடுப்புப் போராட்டக்காரர்கள் சாலையை மறித்து ராத்திரி ஊரடங்கு வரை போனதும் இந்த ஆதங்கத்தில்தான். உங்களுக்கு இங்கே விலை கூடுதல் என்பது ஒரு எரிச்சல். அவர்களுக்கு அது சாப்பாட்டுத் தட்டு. அக்கம்பக்கத்தில் பேசும்போது "எங்கள் பாரிஸில் இது பாதி விலை" என்று ஆரம்பிக்காமல் இருந்தால் போதும், இந்த ஊர்க்காரர்கள் மாதிரி அன்பான ஜனங்களைப் பார்க்க முடியாது.

மற்றத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில் கிடையாது, பேருந்தை நம்பி வேலைக்குப் போவது கஷ்டம், அதனால் கார் வேண்டும், காருக்கும் கடல்வழி வரி உண்டு. காலை ஏழு மணிக்கு சேன்-தெனிக்குள் நுழைவது ஒரு தவம். கடலோரத்தில் மலைப்பாறை விழும் பழைய சாலையின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கடல்மேல் 5.4 கிலோமீட்டர் பாலம் கட்டி 2022இல் திறந்தார்கள், அதன்பிறகு அந்தப் பக்கம் பயம் குறைந்திருக்கிறது, நெரிசல் குறையவில்லை. வீடு எடுக்கும்போது வாடகை பார்த்துத் தூரத்தில் எடுத்துவிட்டு, மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலுக்குக் கொடுக்காதீர்கள். பலத்த மழைக்குப் பிறகு குழாய்த் தண்ணீர் கலங்கி வரும், குடிக்க வேண்டாம் என்று அறிவிப்பார்கள், நாலைந்து பெட்டி தண்ணீர் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இணையத்தில் சாமான் வாங்கினால் பாதிக் கடைகள் கடைசிப் பக்கத்தில் வந்து "ரீயூனியனுக்கு அனுப்புவதில்லை" என்று கையை விரிக்கும், அனுப்புகிறவர்களிடம் வாங்கினாலும் வரியும் தாள்செலவும் தபால்காரர் வாசலில் வந்து கேட்பார். சின்னச் சாமானுக்கு அது கட்டாது.

மொரீஷியஸ் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போய் வாங்கி வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முக்கால் மணி நேர விமானம், நம் சாமான் அங்கே மலிவு, உண்மை. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே. விமானத்தில் வரும் பெரியவர் ஒருவருக்கு 430 யூரோ மதிப்பு வரை வரி இல்லை, அதற்குள்ளும் இறைச்சி, பால் பொருள், காய், செடி கொண்டு வரக்கூடாது. மசாலாப் பொடி, அப்பளம், ஊறுகாய் என்றால் சரி. இதற்காக மட்டும் டிக்கெட் போட்டால் நஷ்டம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறபோது வாங்கி வாருங்கள்.

கடைசியாக, சாமான் கன்டெய்னரில் எவ்வளவு மளிகை ஏற்றலாம் என்ற கேள்வி. உபயோகித்த வீட்டுப் பொருளுக்குக் குடிமாற்றத்தில் வரிவிலக்கு கிடைக்கும், ஒவ்வொன்றையும் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும், கடையிலிருந்து நேராக வந்த புதுப் பெட்டிகள் இருந்தால் கேள்வி வரும். மளிகையை மூட்டையாக ஏற்றாதீர்கள். நாங்கள் 30 கிலோ துவரம்பருப்பு கொண்டு வந்தோம், பூமத்திய ரேகையைத் தாண்டி இங்கத்திய ஈரத்தில் இறங்கிய மூன்றாவது வாரம் வண்டு ஓட ஆரம்பித்தது. பெருங்காயம், கடுகு, இல்லாமல் இருக்க முடியாத நல்லெண்ணெய், சாம்பார் பொடி என்று எடை குறைந்து விலை கூடின சாமானை மட்டும் இரண்டு மாதத்துக்கு எடுத்து வாருங்கள். முக்கியமாக கிரைண்டரைக் கொண்டு வந்துவிடுங்கள், இங்கே அதை வாங்குவது பெரிய பாடு. கல்லைத் தனியாகத் துணி சுற்றி, பட்டியலில் "பழைய மாவரைக்கும் இயந்திரம், கல்லுடன்" என்று பிரெஞ்சில் தெளிவாக எழுதி, வாங்கிய வருடத்தையும் போடுங்கள். கல் என்று மட்டும் எழுதியிருந்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி நான் அரை நாள் நின்றிருக்கிறேன்.